தாத்தா எண்ணெய்

கண்டி மார்க்கெட் வாசலில் நின்று "தாத்தா" என்று சத்தமாகக் கூப்பிட்டால் மூன்று விதமான ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களைப் போன்ற தமிழ் வீடுகளில் தாத்தா என்றால் அப்பாவையோ அம்மாவையோ பெற்றவர். முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. சிங்கள வீடுகளில் தாத்தா என்றால் அப்பா. இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் நாங்கள் மூன்று பேர் ஒருநாள் அந்தச் சொல்லில் கால் தடுக்கி விழுந்தோம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் கெலிஓயாவில் இருந்த எங்கள் கொட்டகையில் இருந்து தொடங்க வேண்டும்.

இப்போது அந்த இடத்தில் தரைக்குப் பதிக்கும் ஓடு விற்கிறார்கள். போன மாதம் கம்பளை பஸ்ஸில் போகும்போது கண்ணாடிக் கதவும் அதன் பளபளப்பும் கண்ணில் பட்டன. பொரித்த எண்ணெய் வாசம் துளியும் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் கோபப்படுவது? ஓடு விற்கிறவர் பாவம், அவருக்கு என்ன தெரியும்? அந்த இடத்தில் ஒரு காலத்தில் ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் இருந்து டீசல் செய்தோம் என்று சொன்னால், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு குளியலறைக்கு என்ன நிறம் வேண்டும் என்றுதான் கேட்பார்.

டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் அது. நான் அப்போது ஓர் ஆய்வுகூடத்தில் ஒப்பந்த வேலை முடிந்து வீட்டில் இருந்தேன். நகரசபையில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பாவைப் பார்க்க ஒருநாள் பழைய நண்பர் ஒருவர் வந்தார். கெலிஓயாவில் கோழித்தீனி வியாபாரம் செய்கிறவர். ஊரே அவரை நானா என்று கூப்பிடும். முஸ்லிம் வழக்கில் நானா என்றால் அண்ணன். நானும் சின்ன வயதில் இருந்தே நானா என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய லொறி டீசல் இல்லாமல் வாரக்கணக்கில் நின்றுபோயிருந்தது.

"பொரிச்ச எண்ணெயில டீசல் செய்ய ஏலுமாம். செல்றாங்க. உங்கட மகள் அந்தப் படிப்புத்தானே படிச்சீக்கி?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே, "படிச்சிருக்கா. இப்ப சும்மாதான் இருக்கா" என்றார்.

அந்தச் "சும்மாதான்" என்ற ஒரு சொல்லுக்காகவே மறுநாள் காலை கெலிஓயா பஸ் ஏறினேன்.

கொட்டகை என்றால் தகரக் கூரை, சிமெந்துத் தரை, அடியில் கூம்பாகச் செய்த ஒரு பெரிய இரும்புத் தொட்டி, அதில் ஒரு மோட்டர். அவ்வளவுதான். பழைய எண்ணெயை வடிகட்டி, சூடாக்கி, அதில் இருக்கும் தண்ணீரை ஓட்டிவிட்டு, கொஸ்டிக் சோடா கரைத்த மெதனோலை ஊற்றிக் கலக்க வேண்டும். கலக்கக் கலக்க எண்ணெய் இரண்டாகப் பிரியும். கனமான கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பது லொறி குடிக்கிற டீசல். சொல்லும்போது சோறு வடிக்கிற மாதிரி சுலபமாக இருக்கும். எப்போது முடிந்தது என்று தெரிவதில்தான் எல்லாம் இருக்கிறது. பாதியில் நிறுத்தினால் மிச்ச எண்ணெய் எஞ்சினுக்குள் போய்ப் பிசினாக ஒட்டும். அதிக நேரம் ஓட்டினால் வீணாக மின்சாரம் போகும், அதுவும் மின்வெட்டுக் காலத்தில்.

நானா நிறத்தைப் பார்த்துச் சொல்வார். "ஆணம் வத்தினாப் போல ஈக்கி, காணும், நிப்பாட்டுங்க" என்பார். ஆணம் என்றால் அவர்கள் வீட்டில் கறிக்குழம்பு. நான் கறிச்சட்டியை நம்பி வேலை செய்யப் படிக்கவில்லை. என்னோடு படித்த ஒருத்தி வேலை செய்த ஆய்வுகூடத்தில், பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரவல் வாங்கி வந்தேன்.

சவர்க்காரக் கட்டியை விடக் கொஞ்சம் பெரியது. அதன் தலையில் ஒரு குழி. சின்னக் கண்ணாடிக் குப்பியில் எண்ணெயை எடுத்து அந்தக் குழியில் வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் எண்ணெய்க்குள் போய்த் திரும்பும். சிவப்புக்கு அப்பால் இருக்கிற வெளிச்சம் அது. எண்ணெய் அதில் ஒரு பங்கைக் குடித்துக்கொள்ளும், டீசல் வேறு பங்கைக் குடிக்கும், தண்ணீர் இன்னொன்றைக் குடிக்கும். மிச்சம் என்ன வந்தது என்பதைக் கைப்பேசித் திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு காட்டும். அந்தக் கோட்டைப் பார்த்து நேராக எதையும் சொல்லிவிட முடியாது, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். அதனால் கருவிக்கு நாம்தான் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். தொட்டியில் இருந்து கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்தேன். பாதியைக் கருவிக்குக் காட்டினேன், பாதியைச் சிநேகிதியின் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். அங்கே பெரிய இயந்திரம் சரியான அளவைச் சொல்லும். அந்த அளவையும் இந்தக் கோட்டையும் சோடி சேர்த்துச் சேர்த்து, வாரக்கணக்கில் பாடம் நடத்தி, கடைசியில் கருவி தானாகவே சொல்லத் தொடங்கியது. பச்சை வந்தால் முடிந்தது. மஞ்சள் வந்தால் பொறு. சிவப்பு வந்தால் என்னவோ கோளாறு.

முதல் பச்சை வந்த அன்று எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நானா எட்டிப் பார்த்துவிட்டு, "எரியாத டோர்ச்சுக்கு இவ்வளவு பவுசா" என்றார். அன்றில் இருந்து அதற்கு டோர்ச் என்றே பேர் வந்துவிட்டது. "தங்கச்சி, டோர்ச் எனத்தியன் செல்லுது?" என்று, என்ன சொல்கிறது என்பதை அவர் பாணியில் வெளியில் இருந்தே கேட்பார். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டே பதில் சொல்வேன். இன்று அந்தக் கேள்வியை யாராவது கேட்டால் போதும் என்றிருக்கிறது.

லொறி ஓட்டியவர் குண்டசாலையில் இருந்து வந்த சிங்களவர், முப்பதை நெருங்கியவர். தம்பி என்ற அர்த்தத்தில் அவரை மல்லி என்பேன். அவர் என்னை அக்கா என்பார். அக்கா என்ற சொல் மட்டும் அதிசயமாக இரண்டு மொழியிலும் ஒன்றேதான். அந்த ஒற்றுமையை நம்பித்தான் மற்றச் சொற்களையும் நாங்கள் நம்பிவிட்டோம் போலிருக்கிறது. கடை கடையாகப் போய்ப் பழைய எண்ணெய் சேர்த்து வருவது அவர் வேலை. தவறாமல் எண்ணெய் தந்தவர்களில் மூன்று பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் நானாவின் மூத்த சகோதரி. வீட்டிலேயே ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் செய்து கெலிஓயாக் கடைகளுக்குக் கொடுப்பார். தேங்காயெண்ணெய் தவிர வேறு எதையும் அடுப்பில் ஏற்ற மாட்டார். இரண்டாமவர் மல்லியின் தகப்பனார். குண்டசாலையில் பஸ் நிற்கும் இடத்தில் இறால் வடை வண்டி வைத்திருந்தார். தேங்காயெண்ணெய் விலை ஏறியதில் இருந்து பாம் ஒயிலுக்கு மாறியவர். மூன்றாமவர் கண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உளுந்து வடை போட்ட ஒரு வயதானவர். படிக்கும் காலத்தில் அவர் கையால் தின்ற வடைக்குக் கணக்கில்லை. தேங்காயெண்ணெய்க்காரர்.

இனி வேன்காரருக்கு வருகிறேன்.

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர் அவர். சொந்தமாகப் பழைய டீசல் வேன் ஒன்று வைத்திருந்தார். அவருடைய மனைவி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போயிருந்தன. வாரத்தில் சில நாள் விடிவதற்கு முன்பே புறப்பட்டுக் கண்டி பெரியாஸ்பத்திரிக்கு வந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு முறை தவறினால் உடம்பு வீங்கும், மூச்சு முட்டும். தொடர்ந்து தவறினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பஸ் ஓடாத நாட்கள் அவை. ஓடினாலும் அந்த நேரத்துக்கு மலையில் இருந்து பஸ் கிடையாது. யாரோ சொல்லித்தான் எங்களைத் தேடி வந்தார்.

முதல் தடவை அவரோடு அவர் மனைவியும் வந்தார், நான் அக்கா என்றே கூப்பிட்டேன். வேனில் சாய்ந்து கிடந்தவர் மெல்ல இறங்கி, கொட்டகைக்குள் தலையை நீட்டி, தொட்டியையும் குழாய்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில என்னையப் போட்டுக் கழுவுற மிஷின் மாதிரியே இருக்குங்க. அங்கயும் இப்புடித்தான், ஒரு குழாயில போயி ஒரு குழாயில வரும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எண்ணெய் டாக்டருங்களா மிஸ்?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. கேலி முழுக்கக் கண்ணில்தான் இருந்தது. எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துப்போனது.

வேனுக்குத் தேங்காயெண்ணெயில் செய்த டீசலை மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். நானா சண்டைக்கு வந்தார். கண்டியில் குளிர்காலத்துக் காலையில் போத்தலுக்குள் தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பார்க்காத வீடு இல்லை. பாம் ஒயில் உறையாது. "மலைக்குப் போற வேனுக்கு உறையிற எண்ணெயக் குடுக்கச் செல்றீங்களே" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் டீசலாக மாறிய பிறகு கதை தலைகீழ். தேங்காயெண்ணெயில் வந்த டீசல் எங்கள் மலைக் குளிருக்கும் தெளிவாக நிற்கும். பாம் ஒயிலில் வந்ததுதான் குளிரில் கலங்கி, நெய்யாகி, ஃபில்டரை அடைக்கும். கெலிஓயாவில் அது எந்தத் தொந்தரவும் தராது, மலையில்தான் தரும். வாயால் சொன்னால் நானா கேட்கிற ஆள் இல்லை. இரண்டு குப்பியில் இரண்டு டீசலையும் நிரப்பி, அவருடைய சகோதரி வீட்டு ஃப்ரிட்ஜில் வட்டலப்ப இனிப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் அந்த அம்மா பாம் ஒயில் டீசல் உறைந்த குப்பியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தம்பியிடம் காட்டினார். நானா குப்பியை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். "சரி, மலைக்குத் தேங்காய்தான்" என்று ஒத்துக்கொண்டார்.

டிசம்பர் மாதம், ஒரே தூறல். வேன்காரர் கண்டிக்குச் சவாரி வந்துவிட்டு மத்தியானம் டீசல் அடித்துக்கொண்டு போவதாகவும், மறுநாள் விடிய மனைவியின் முறை என்றும் சொல்லியிருந்தார். முதல்நாளே நான் நானாவிடம் ஞாபகப்படுத்தினேன். அவர் காலையில் மல்லிக்குப் போன் செய்து, "தாத்தாட எண்ணெய எடுத்து அதை மட்டும் போடு" என்று சொன்னார். அவர் சொன்னது தன்னுடைய அக்காவை. மல்லி கேட்டது தன்னுடைய அப்பாவை. தன் தகப்பனாரின் வடை வண்டி எண்ணெயை முதலாளியே பேர் சொல்லிக் கேட்கிறார் என்று மனிதருக்கு ஏக சந்தோஷம். அதுவும் அந்தப் பீப்பாய் முதல்நாளே வந்து கொட்டகையில் நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது விசிலடித்துக்கொண்டே தொட்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எந்த எண்ணெய் போட்டீங்க மல்லி?" என்று கேட்டேன்.

"தாத்தா எண்ணெய் அக்கா."

எனக்கு பஸ் ஸ்டாண்டு வடைத் தாத்தா ஞாபகத்துக்கு வந்தார். தேங்காயெண்ணெய்தான், நல்லது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று பேருக்கும் மூன்று தாத்தா. மூன்று பேருக்கும் திருப்தி. குப்பியில் எடுத்துக் கருவியில் வைத்தேன். பச்சை வந்தது. வேன்காரர் வந்தார், டேங்கை நிரப்பினோம், "வர்றேங்க மிஸ், நாளைக்கு அவளக் கூட்டிட்டு வர்றப்ப பாப்போம்" என்று சொல்லிவிட்டு மலைக்குத் திரும்பினார்.

பின்னேரம் நானாவின் சகோதரி குடையை மடக்கிக்கொண்டு த்ரீவீலில் வந்து இறங்கினார். இறங்கும்போதே தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ட எண்ணெய் வாசல்ல நிறைஞ்சு போய் ஈக்கி. இன்டைக்கு எடுக்க வாறதா சென்னீங்க, யாரும் வரல்லியே?"

"எடுத்துப் போட்டாச்சே தாத்தா. காலையிலேயே மல்லிக்கிச் சென்னேன்" என்றார் நானா.

பக்கத்தில் நின்ற மல்லி "தாத்தா" என்ற சொல்லைக் கேட்டார். நானா யாரைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டார் என்று பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. "மல்லி, நீங்க போட்டது யாருட எண்ணெய்?" என்று கேட்டேன். அவர் மெல்ல, "எங்க தாத்தா அக்கா. மகே தாத்தா" என்று சிங்களத்திலும் சேர்த்துச் சொன்னார். நெஞ்சில் கையை வேறு வைத்துக்கொண்டார்.

கருவி பொய் சொல்லவில்லை. வேலை முடிந்ததா என்று கேட்டேன், முடிந்தது என்றது. யாருடைய எண்ணெய் என்று நான் கேட்கவும் இல்லை, அது சொல்லவும் இல்லை. இப்போது கேட்டேன். காலையில் வந்த கோட்டை எடுத்து, பழைய தேங்காய்க் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. பாம் ஒயில் கோட்டின் மேல் வைத்தேன். மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம் அப்படியே உட்கார்ந்தது.

வேன்காரருக்குப் போன் போட்டோம். தோட்டத்தில் மழை பெய்தால் சிக்னல் இருக்காது. திரும்பத் திரும்ப அதே குரல், தொடர்புகொள்ள முடியாது என்று மூன்று மொழியிலும் சொன்னது. மல்லி ஒரு மூலையில் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் ஏசவில்லை. எந்த வாயால் ஏசுவது?

நானா பின்னேரத்து அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்து, "ஏறுங்க, போவம்" என்றார். போன வாரம் எங்கள் லொறிக்கென்று ஒதுக்கிய தேங்காய் டீசல் பிளாஸ்டிக் கான்களில் இருந்தது. அதை லொறியில் ஏற்றினோம். அவருடைய சகோதரியும் ஏறிக்கொண்டார். "என்ட பேரால நடந்த வேலை, நானும் வாரன்" என்று சொல்லிவிட்டுச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். முன்னால் மூன்று பேருக்குத்தான் இடம். கெலிஓயாவின் பெரிய முதலாளியான நானா, பின்னால் தார்ப்பாய்ப் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு கான்களோடு கானாக மழையில் வந்தார்.

குண்டசாலையில் பஸ் நிற்கும் இடத்தில் மல்லியின் தகப்பனார் வடை வண்டிக்கு மேல் குடையை விரித்து வைத்திருந்தார். வழக்கமாக ஹோர்ன் அடித்துவிட்டுப் போகிற மல்லி அன்று அடிக்கவில்லை. அவர்தான் எங்கள் லொறியை அடையாளம் கண்டு கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.

"அவரா உங்கட தாத்தா?" என்று நானாவின் சகோதரி கேட்டார். மல்லி தலையாட்டினார். "பாவம், நல்ல மனுசனா ஈக்கி" என்றார். லொறி தெல்தெனியவைத் தாண்டியது. நான் மனதுக்குள் அந்த அக்காவின் வீங்கிய காலையும் விடிகாலைக் குளிரையும் நினைத்துக்கொண்டே இருந்தேன். ஏதோ ஒரு வளைவில் வேன் நின்றுபோய், அவர் உள்ளே மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பதாக ஒரு காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை.

பொழுது சாய்கிற நேரம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மூடுபனி லயத்து வீடுகளின் கூரைவரை இறங்கியிருந்தது. வேன் வாசலில் நின்றது. எங்களைக் கண்டதும் வேன்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் வேனுக்கு அடியில் படுத்து, டேங்கின் அடி ஆணியைக் கழற்றினார். உள்ளே இருந்தது வாளியில் இறங்கியது. புதிதை ஊற்றினோம். ஃபில்டரையும் குழாயையும் கழுவினோம். எல்லாம் முடிந்த பிறகும் எனக்கு மனம் கேட்கவில்லை. டேங்கில் இருந்து ஒரு குப்பி எடுத்து, வேன் மூக்கில் கருவியை வைத்தேன். தூறலில் குப்பி நனையாமல் இருக்க அந்த அக்கா கம்பளித் தொப்பியோடு வந்து குடை பிடித்தார்.

"எங்க மிஸ் லைட்டு? ஒன்னுமே எரியலயே."

"எரியுதுங்கக்கா. நம்ம கண்ணுக்குத் தெரியாது."

அவர் குனிந்து அந்தக் குப்பியைப் பார்த்தார். "இதுல என் இரத்தத்தையும் வச்சிப் பாருங்களேன். ஊசி குத்தாம தெரிஞ்சிக்கலாம்ல" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் திரையைப் பார்த்தேன். கோடு தேங்காய்க் கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது. அந்த மழையில் எனக்கு அழுகை வந்தது, யாருக்கும் தெரியவில்லை.

அந்த அக்கா எங்களை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். நானாவுக்குக் கதிரை, மற்றவர்களுக்குக் கட்டில். நானாவின் சகோதரி தான் கொண்டுவந்த பற்றிஸைத் தட்டில் வைத்தார். என்ன நடந்தது என்று நடந்தபடியே சொல்லச் சொன்னார் அந்த அக்கா. நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூச்சு முட்டும், சிரிக்காதே என்று வேன்காரர் கெஞ்சினார். அவர் கேட்டால்தானே? ஒவ்வொருவராகக் கை நீட்டினார்.

"அப்ப இந்தம்மா ஒரு தாத்தா. இந்தத் தம்பியோட அப்பா ஒரு தாத்தா. பஸ் ஸ்டாண்டுல வடை போடுறவரு ஒரு தாத்தா. எங்க வீட்டுல மட்டுந்தாங்க தாத்தா இல்ல." சிரிப்பு கொஞ்சம் தணிந்தது. புருஷனைப் பார்த்தார். "மகளக் கட்டிக் குடுத்து இப்பத்தான் ஆறு மாசம். இவரு தாத்தா ஆகுறத நான் இருந்து பாப்பனோ என்னவோ."

நானாவின் சகோதரி எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பாப்பீங்க தங்கச்சி, பாப்பீங்க" என்றார்.

மறுநாள் காலை பெரியாஸ்பத்திரி வாசலில் இருந்து வேன்காரர் போன் செய்தார். நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம், அவளை உள்ளே எடுத்துவிட்டார்கள் என்றார். முதல்நாள் இறக்கிய டீசலை வாளியோடு வாசலில் விட்டிருந்தாராம். "காலையில பாத்தா நெய்யா நிக்குதுங்க மிஸ். அகப்பையால அள்ளலாம்." நான் போனை வைத்துவிட்டு வெளியே போய், சும்மா நின்ற மல்லிக்கு ஒரு பிளேன் டீ வாங்கிக் கொடுத்தேன். அன்றில் இருந்து கொட்டகையில் யார் எந்தப் பீப்பாயைக் கேட்டாலும் "எந்தத் தாத்தா?" என்பதுதான் முதல் கேள்வி. பிறகு அது வணக்கம் சொல்வதற்குப் பதிலாகவே ஆகிவிட்டது. வேனில் இருந்து இறங்கும்போதே அந்த அக்காவும் அதைத்தான் கேட்பார்.

டீசல் திரும்ப வந்தது. வரிசைகள் மறைந்தன. பழைய எண்ணெயை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் எங்களை விட நல்ல விலை கொடுத்தார்கள். நானா கோழித்தீனிக்கே திரும்பினார். மல்லி இப்போது பஸ் ஓட்டுகிறார். கருவியை நான் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துச் சிநேகிதியிடம் ஒப்படைத்தேன். கொடுக்கும்போது கை விடவில்லை, "தா" என்று அவள் இழுத்துத்தான் வாங்கினாள். இப்போது எனக்கு நல்ல வேலை, நல்ல ஆய்வுகூடம், குளிரூட்டிய அறை. அங்கே ஒருவரும் என்னிடம் டோர்ச் என்ன சொல்லுகிறது என்று கேட்பதில்லை.

வேன்காரரோடு கொஞ்சக் காலம் பேசிக்கொண்டிருந்தேன், பிறகு விட்டுப்போனது. விட்டுப்போனது என்று சொல்வதும் சரியில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அந்த நோயில் வருஷங்கள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். போன் செய்தால் அந்த அக்காவைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டும். அதனால் கேட்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய நம்பரில் இருந்து போன் வந்தது. எடுத்தால் யாரும் பேசவில்லை. ஒரு குழந்தை மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "தாத்தா... தாத்தா" என்று மழலையில் கூப்பிட்டது. யாரோ போனைப் பிடுங்கினார்கள்.

"மன்னிச்சுக்குங்க மிஸ், நாந்தாங்க. பேத்தி போனை அமுக்கிருச்சு. நல்லா இருக்கீங்களா?" என்றார் வேன்காரர்.

நல்லா இருக்கேன் என்றேன். தோட்டத்தில் மழையா என்று கேட்டேன். வேன் ஓடுகிறதா என்று கேட்டேன். கேட்க வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் கேட்டேன். குழந்தை இன்னும் "தாத்தா, தாத்தா" என்று போனுக்கு அழுதுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் எங்கேயோ, கட்டில் கிரீச்சிட்டது. மெலிந்துபோன ஒரு குரல், சிரிப்பே இல்லாமல், நிதானமாகச் சொன்னது:

"எந்தத் தாத்தான்னு அந்த மிஸ்ஸக் கேளுங்க."